நாலு பாத்தியைச் சும்மா விடுங்கள்

கேள்வி: தொண்டூரில் கிணற்றுப் பாசனத்தில் 3 ஏக்கர் கொல்லை இருக்கிறது. செம்மண், மணல் கலந்தது. மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை போடுவேன். போன வருடம் உரக்கடையில் கொடுத்த டானிக்கை இரண்டு முறை அடித்தேன். மகசூல் நன்றாக இருந்தது. இந்த வருடமும் அதையே அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். 'கிணறு கடைசிவரைக்கும் வத்தல, வெளஞ்சிது. டானிக்காவது கீனிக்காவது' என்கிறார் அப்பா. படித்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்ட மகன் ஜிப்சம் போடவேண்டும் என்கிறான். அதற்கும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவன் வாங்கி வந்த இரண்டு மூட்டை ஜிப்சம் போன வருடம் கிணற்றோரம் கிழிந்து கொட்டிக் கிடந்ததுதான் மிச்சம். காய் ஆய வரும் ஒரு அம்மா, 'அந்த மாவு கொட்டிக் கெடந்த எடத்துல பொக்கு கம்மியா இருக்குதுங்க' என்று சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டோம். இந்தப் பட்டத்துக்கு நகையை வைத்துத்தான் பணம் புரட்டியிருக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜிப்சம் போடலாமா என்று கேட்டிருந்தால் நாலு வரியில் பதில் முடிந்திருக்கும். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டுவிட்டீர்கள். அதனால் இந்த இதழில் பக்கம் முழுக்க உங்களுக்குத்தான்.

நாலு பேரும் பொய் சொல்லவில்லை. கடைக்காரர் டானிக் விற்றார், விளைந்ததைப் பார்த்தார். அப்பா கிணற்றைப் பார்த்தார், விளைந்ததைப் பார்த்தார். மகன் படித்ததைச் சொல்கிறார். அந்த அம்மா கையில் எடுத்த காயைச் சொல்கிறார். நாலு பேரிடமும் இல்லாதது ஒன்றுதான். டானிக் அடிக்காமல், அதே வருடம், அதே கொல்லையில், அதே விதையில் எவ்வளவு விளைந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. மூன்று ஏக்கருக்கும் அடித்துவிட்டீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாத்திகூட மிச்சம் இல்லை.

அந்த அம்மா சொன்னதை மட்டும் நான் சிரித்துத் தள்ளமாட்டேன். ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். மல்லாட்டையில் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து வேர் வழியாகப் போய்ச் சேருவதில்லை. வேர் எடுக்கும் சுண்ணாம்பு தண்ணீரோடு இலைக்கு ஏறிவிடுகிறது, கீழே காய்க்கு இறங்கி வருவதில்லை. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் தாங்களே சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மேல்மண்ணில் சுண்ணாம்பு குறைந்தால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. அதுதான் பொக்கு. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40, 45ஆம் நாளில் போட்டு மண் அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆகவே அந்த அம்மா பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஜிப்சம் கொட்டிக் கிடந்தது கிணற்றோரம். கிணற்றோரப் பாத்திக்குத் தண்ணீர் முதலில் பாய்கிறது, நன்றாகவும் பாய்கிறது. பொக்கு குறைந்தது ஜிப்சத்தாலா, தண்ணீராலா? அந்த இடத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு எங்கள் நிலத்தில் கேழ்வரகுக்குப் பஞ்சகவ்யா அடித்துப் பார்த்தேன். பாதி நிலத்துக்கு அடித்தேன், பாதியை விட்டேன். அடித்த பக்கம் கதிர் கனத்து நின்றது. சோதனை செய்துவிட்டோம் என்ற பெருமையோடு இதே பக்கத்தில் எழுதினேன். படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒருவர் தன் செலவுக் கணக்கையே எழுதி அனுப்பியிருந்தார், வட்டியோடு. எங்கே தப்பு என்று எனக்குப் புரியவில்லை. எங்களிடம் 20 வருடம் ஏர் ஓட்டியவரிடம் ஒருநாள் புலம்பினேன். அவர் சொன்னார்: "அது மாட்டுக்கொட்டாய் மூத்திரம் ஓடி ஊறுன எடமுங்க ஐயா. நீங்க எதப் போட்டாலும் அங்க வெளையும்." அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கேக்கலீங்களே" என்றார்.

பஞ்சகவ்யா நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சல்ல. நான் அடிக்கத் தேர்ந்தெடுத்த பக்கம் வீட்டுக்குப் பக்கம், நடக்க வசதி. அந்த வசதி முடிவையே மாற்றிவிட்டது. அதைத் தெரிந்த ஒரே ஆள் என் பின்னாலேயே ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

சரி, உங்கள் கொல்லைக்கு வருவோம்.

கரம்பும் களரும் இல்லாத, பனைமர நிழல் விழாத, நடுவாந்திர இடமாகப் பாருங்கள். 22 அடிக்கு 20 அடி என்று எட்டுத் துண்டுகள் பிடியுங்கள். ஒரு துண்டு ஏறக்குறைய ஒரு சென்ட் வரும். உங்கள் பாத்தி சின்னதாக இருந்தால் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். எட்டையும் நாலு ஜோடியாக்குங்கள். ஒரு ஜோடி மேட்டுப் பக்கம் இருக்கலாம், இன்னொன்று பள்ளத்தில் இருக்கலாம், அதனால் குற்றமில்லை. ஆனால் ஒரு ஜோடிக்குள் இரண்டு துண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி மண்ணில், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறதாக இருக்கவேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு ஜிப்சம். இன்னொன்று சும்மா.

எதற்குப் போடுவது, எதை விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், மகனும் செய்யவேண்டாம். ஜிப்சம் ஜெயிக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. கை தானாக நல்ல துண்டுக்குப் போகும். உங்கள் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு ரூபாய்க் காசைச் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் இடது, பூ விழுந்தால் வலது. ஜோடிக்கு ஒரு தடவை. விளையாட்டாகத் தோன்றும். ஆனால் பயிர் ஆராய்ச்சி முழுக்க இந்தக் காசுச் சுண்டலில்தான் நிற்கிறது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற பண்ணையில் 1843-இலிருந்து ஒரே வயலில் கோதுமைக்கு உரச் சோதனை நடக்கிறது. அன்று முதல் இன்றுவரை எருவோ உரமோ போடாத துண்டு ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது. அந்தப் பண்ணைக்கு 1919-இல் வேலைக்கு வந்த ஃபிஷர் என்ற கணக்கர்தான், எந்தத் துண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்யவேண்டும் என்று வற்புறுத்தினார். அங்கே வேலை பார்த்த முரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், பாலை முதலில் ஊற்றினார்களா டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாராம். யாரும் சண்டை போடவில்லை. எட்டுக் கோப்பை, நாலு இப்படி நாலு அப்படி, வரிசையைக் குலுக்கி வைத்துக் குடிக்கக் கொடுத்துப் பார்ப்போம் என்றார் ஃபிஷர். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல 70-இல் 1 வாய்ப்புதான். 1935-இல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்த டீக் கணக்கை விளக்கியிருக்கிறார். உங்கள் வீட்டில் நடப்பதும் இதே வழக்குதான். வாதாடுவதற்குப் பதில் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

எட்டுத் துண்டுக்கும் குச்சி நட்டு 1 முதல் 8 வரை எண் மட்டும் எழுதுங்கள். 'ஜிப்சம்' என்று எழுதாதீர்கள். எந்த எண்ணுக்கு எது என்பது ஒரு நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டு உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் இருக்கட்டும், அறுவடைவரை வெளியே வரவேண்டாம்.

ஜிப்சம் ஒரு துண்டுக்கு 1 கிலோ 600 கிராம். 40-ஆம் நாளுக்கு மேல், களை எடுத்து மண் அணைக்கும்போது. சும்மா விடும் துண்டுக்கும் அதே நாளில், அதே ஆட்கள் களை எடுத்து மண் அணைக்கவேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஜிப்சம் போட்டதற்கு மட்டும் மண் அணைத்துவிட்டு, பார்த்தாயா ஜிப்சத்தை என்பார்கள். வரப்பைக் கொஞ்சம் உயர்த்திப் போடுங்கள். ஜிப்சம் போட்ட பாத்தித் தண்ணீர் வழிந்து சும்மா விட்ட பாத்திக்குப் போனால் அதுவும் ஜிப்சப் பாத்தி ஆகிவிடும்.

டானிக்கையும் சோதிக்கலாம். ஆனால் இதே துண்டுகளில் வேண்டாம், தனியாக எட்டுத் துண்டு. கடைக்காரர் சொன்ன அளவில், சொன்ன நாளில் நாலுக்கு அடியுங்கள். மற்ற நாலுக்கு அதே நாளில் அதே அளவு வெறும் தண்ணீரை அடியுங்கள். வெயில் காலத்தில் இலை மேல் படும் தண்ணீருக்கே ஒரு பலன் இருக்கலாம். அதை டானிக் பெயரில் எழுதிவிடக் கூடாது. காற்றில்லாத காலை நேரத்தில், நடுவில் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு அடிக்கவேண்டும். கடைக்காரரையும் கூப்பிடுங்கள். நல்ல சரக்கு என்று நம்பிக்கை இருந்தால் வருவார். பூச்சிமருந்துக்கு மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். நோயோ புழுவோ தீவிரமாக வந்துவிட்டால் எல்லாத் துண்டையும் காப்பாற்றுங்கள், சோதனை போனால் போகட்டும்.

மீதி 284 சென்ட்டுக்கு என்ன செய்வது என்றும் சொல்லவேண்டும். நகையை வைத்த பட்டம். என் யோசனை: மீதிக்கு ஜிப்சத்தைப் போடுங்கள். உங்கள் மாதிரி மண்ணுக்குப் பரிந்துரையில் இருப்பது, செலவும் அதிகமில்லை. டானிக்கை மீதிக்கு அடிக்கவேண்டாம். எது நிரூபிக்கப்படவில்லையோ அதைச் சின்ன இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் கடன்காரனுக்கு அழகு. சோதனையில் நீங்கள் இழக்கக்கூடியது அதிகபட்சம் நாலு சென்ட்டில் கொஞ்சம் காய்.

இன்னொரு காரியம், இதை விதைத்த வாரத்திலேயே செய்துவிடுங்கள். அறுவடையில் எவ்வளவு வந்தால் ஜிப்சம் தொடரும், எவ்வளவு வந்தால் நிறுத்துவோம் என்று அதே நோட்டில் எழுதி, அப்பா, நீங்கள், மகன் மூவரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு எழுதினால் நடக்காது. எடை வந்தபிறகு ஒவ்வொருவரும் தன் பக்கத்துக்குச் சாய்த்துப் பேசுவது மனித சுபாவம். 'நாலு ஜோடியில் நாலும் ஜிப்சம் பக்கம் சாய்ந்து, ஏக்கருக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானம் செலவைப்போல் ஒன்றரை மடங்காவது இருந்தால் தொடர்வோம்' என்பது போல ஒரு வரி போதும். எழுதி வைப்பது உங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. தொண்டூர்க் குன்றில் சமணர் படுக்கைக்கு அருகே, அதைச் செய்வித்தது யார், செய்தது யார் என்பதைத் தமிழி எழுத்தில் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நமக்கு 40 பக்க நோட்டு போதும்.

அறுவடைக்கு வருவோம். ஒவ்வொரு துண்டிலும் சுற்றிலும் ஓர் அடியை ஒதுக்கிவிடுங்கள். ஓரச் செடிக்கு வெளிச்சமும் இடமும் அதிகம், அது கணக்கைக் கெடுக்கும். உள்ளே 20 அடிக்கு 18 அடி, 360 சதுர அடி. இதில் பிடுங்கிய கொடியைத் தனியாக ஆய்ந்து, எண் எழுதிய சாக்கில் போட்டு, எட்டையும் ஒரே களத்தில் ஒரே நாள் கணக்கில் காயவைத்து எடை போடுங்கள். ஈரக் காயை எடை போட்டால் மண்ணையும் தண்ணீரையும்தான் எடை போடுகிறீர்கள். 360 சதுர அடியில் வந்த கிலோவை 121-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும்.

கணக்குப் போடும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஜிப்சம் போட்ட நாலு துண்டில் 8.4, 7.9, 9.1, 8.0 கிலோ. அவற்றின் ஜோடிகளில் 7.6, 7.5, 8.2, 7.7 கிலோ. மொத்தத்தைக் கூட்டி ஒப்பிடாதீர்கள். ஜோடிக்குள் கழியுங்கள்: 0.8, 0.4, 0.9, 0.3. நாலும் ஒரே பக்கம். சராசரி 0.6 கிலோ, ஏக்கருக்கு 72 கிலோவுக்கு மேல். கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் 4,350 ரூபாய் சொச்சம். ஜிப்சம், வண்டி வாடகை, போட்ட ஆள் கூலி மூன்றையும் அதில் கழித்துப் பாருங்கள்.

டானிக் சோதனையில் ஜோடி வித்தியாசம் இப்படி வருகிறது என்று வையுங்கள்: ஒன்றில் 0.7 கூடுதல், அடுத்ததில் 0.4 குறைவு, பிறகு 0.2 கூடுதல், பிறகு 0.3 குறைவு. சராசரியில் கொஞ்சம் கூடுதல்தான். 0.05 கிலோ, ஏக்கருக்கு 6 கிலோ. அதைப் பிடித்துக்கொண்டு டானிக் வேலை செய்கிறது என்று சொல்லக் கூடாது. அங்கொன்று இங்கொன்றாகச் சாய்வது மண்ணின் குணம், மருந்தின் குணமல்ல. முதல் துண்டை மட்டும் யாராவது பார்த்திருந்தால் 'ஏக்கருக்கு 84 கிலோ கூடுதல்' என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். நோட்டீஸில் அச்சாகும் மகசூல் பலவும் இப்படிப்பட்ட முதல் துண்டுதான் என்பது என் சந்தேகம்.

நாலு ஜோடியும் ஒரே பக்கம் சாய்ந்தால் முடிந்துவிட்டதா? காசை நாலு தடவை சுண்டி நாலும் தலை விழ 16-இல் 1 வாய்ப்பு. அரிது, ஆனால் நடக்கும். அடுத்த மார்கழியில் வேறு இடத்தில் இன்னும் நாலு ஜோடி போட்டு, அதுவும் அப்படியே சாய்ந்தால் எட்டும் தலை விழுந்த மாதிரி, 256-இல் 1. அப்போது உங்கள் அப்பாவே கடைக்குப் போய் ஜிப்சம் வாங்கி வருவார். ஒரு வருடத்துக் கிணறு, ஒரு வருடத்து மழை மட்டும் பார்த்துச் சொல்லும் முடிவுக்கு அந்த வருடத்துக்குத்தான் மரியாதை. கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழக நிலத்தில் 1909-இல் ஆரம்பித்த நிரந்தர உரச் சோதனை நூறு ஆண்டு தாண்டி நடந்தது இதற்காகத்தான். உங்களை நூறு வருடம் காத்திருக்கச் சொல்லவில்லை. இரண்டு பட்டம்.

எடையோடு இன்னொன்றும் பாருங்கள். ஒவ்வொரு சாக்கிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு 100 காய் எடுத்து, பொக்கு எத்தனை என்று எண்ணவேண்டும். இதைச் செய்யவேண்டியவர் நீங்கள் அல்ல, மகனும் அல்ல. அந்த அம்மாதான்.

கடிதத்தில் எனக்கு உறுத்திய இடமும் அதுதான். எல்லோரும் சிரித்துவிட்டோம் என்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் காய் அந்த அம்மா கைவழியாகப் போகிறது. உங்கள் மூன்று ஏக்கரில் எந்த மூலையில் பொக்கு அதிகம், எங்கே காய் அழுகியது, எங்கே கொடி சுலபமாகக் கழன்று வந்தது என்பது அவர் விரலுக்குத் தெரியும். ஒருமுறை சொன்னார். சிரித்தீர்கள். மறுபடி சொல்லமாட்டார். என் ஏர்க்காரர் 20 வருடம் சொல்லாமல் இருந்ததும் இப்படி ஏதோ ஒருநாள் நான் சிரித்ததால்தான் இருக்கும். எனக்கு அந்த நாள் நினைவில்லை, அவருக்கு இருந்திருக்கும்.

ஆகவே அவரைக் கூப்பிட்டு, நீங்க சொன்னதைத்தான் இந்த வருசம் சோதிச்சுப் பாக்கறோம், நீங்கதான் எண்ணணும் என்று சொல்லுங்கள். எண்ணுவதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். காய் ஆயும் கூலி ஆய்ந்த காய் அளவுக்கு என்றால், எண்ண உட்காரும் நேரத்தில் அவருக்கு நஷ்டம். சும்மா எண்ணச் சொன்னால் சும்மா ஓர் எண்ணைச் சொல்வார், அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. எந்த எண் எது என்று அவருக்கும் தெரியக் கூடாது. அவர் ஜிப்சம் பக்கம் பேசியவர் ஆயிற்றே. வேறு ஒரு பயமும் உண்டு. முதலாளிக்கு என்ன எண் பிடிக்கும் என்று நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். 'பத்துதானே இருக்கும்?' என்று கேட்டால் பத்து என்பார்கள். 'எத்தனை?' என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்ன எண்ணை அவர் கண் முன்னாலேயே நோட்டில் எழுதுங்கள்.

ஒருவேளை அவர் சொன்னது பொய்த்துப்போகலாம். இரண்டு பக்கமும் பொக்கு ஒரே மாதிரி இருக்கலாம், கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று தெரியலாம். அன்று யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டியது உங்கள் பொறுப்பு. மகனுக்கும் அதுவே. ஜிப்சம் தோற்றால் 'படிச்சுக் கிழிச்ச' என்று அப்பா ஆரம்பிப்பார். அதோடு மகன் இனி எதையும் சொல்லிப் பார்க்கமாட்டார். அப்பா தோற்றாலும் அப்படித்தான். 50 வருடம் இந்த மண்ணில் விளைய வைத்தவர் அவர். காசைச் சுண்ட அவரைக் கூப்பிடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். சோதனை அவர் கையால் நடந்ததாக இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு நிலமே 60 சென்ட். பாத்தியைச் சும்மா விட்டுச் சோதனை செய்வதெல்லாம் பெரிய விவசாயிக்குத்தானே? (மேல்மலையனூர் பக்கமிருந்து ஒரு வாசகி)

பதில்: ஒரு ஜோடிக்கு இரண்டு சென்ட் உங்களால் முடியும். இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நிலத்திலும் ஆளுக்கு ஒரு ஜோடி, ஒரே நாளில் ஒரே வேலை, ஒரே தராசு. ஒருவர் எட்டுத் துண்டு போடுவதைவிட இது ஒருவிதத்தில் உசத்தி. நாலு விதமான மண், நாலு விதமான கை.

தமிழ்நாட்டில் பெரிய அளவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒற்றை நாற்று நடவு மடகாஸ்கரில் பிறந்தது. ஹென்றி டி லாலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983 வாக்கில் அங்குள்ள உழவர்களோடு இருந்து கண்டது. இங்கே அதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. 14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, இத்தனை அகலத்தில் நட்டால் வயல் காலியாகத்தான் தெரியும். பிஞ்சு நாற்றைக் கையில் எடுக்க நடவுப் பெண்களும் தயங்கினார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04-இல் தாமிரபரணிப் பாசனத்தில் 100 உழவர்களின் வயல்களில், அவரவர் நிலத்திலேயே பழைய நடவும் புதிய நடவும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு எடை பார்த்தது. பழைய நடவில் சராசரியாக எக்டேருக்கு 5,650 கிலோ அளவிலும், புதிய நடவில் 7,200 கிலோ அளவிலும் வந்தது. ஆராய்ச்சி நிலையத்தில் மட்டும் விளைந்திருந்தால் 'அவங்க வயல் வேற' என்று போயிருப்போம். நூறு பேரும் தங்கள் வரப்பின் இரண்டு பக்கத்தையும் தாங்களே பார்த்தார்கள். பிறகுதான் நீர்வள நிலவளத் திட்டத்தில் மாநிலம் முழுக்கப் போனது.

சின்ன நிலத்தை நிறையப் பேர் சேர்த்து அளப்பது உங்களுக்குத் தெரியாததும் அல்ல. பயிர்க் காப்பீட்டுக்கு அறுவடைப் பரிசோதனை என்று வந்து, நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடுகிறார்களே, அதே தத்துவம்தான். எந்த வயல் என்பதைக்கூட அவர்கள் கண்ணால் பார்த்துப் பொறுக்கக் கூடாது, எண் பட்டியலை வைத்துத்தான் எடுக்கவேண்டும். அடுத்த தடவை வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சோதனை போடக் கற்றுக்கொள்ள அதைவிட வேறு பள்ளிக்கூடம் வேண்டாம்.

கேள்வி: மண் பரிசோதனை அட்டை வாங்கிவிட்டேன். அதில் எல்லாம் இருக்கிறதே, பிறகு எதற்குச் சோதனை? (செஞ்சி வாசகர்)

பதில்: மண்ணில் என்ன இருக்கிறது என்பதை அட்டை சொல்லும். போட்ட பணம் உங்களுக்குத் திரும்பி வருமா என்பதைச் சொல்லாது. அட்டையை வைத்துக்கொண்டு எதைச் சோதிக்கவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அட்டையில் சுண்ணாம்பு ஏராளம் என்று இருந்தால் தொண்டூர் நண்பர் செய்வதை நீங்கள் செய்யவேண்டிய அவசியமே இராது. பக்கத்திலேயே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விதைக்கிறோமே, அந்த எழுத்தே அந்த ஊர்தான். அட்டையோடு ஒருநாள் போய் வாருங்கள். புதிய ரகத்தையே அவர்கள் உழவர் நிலங்களில் வைத்துப் பார்த்த பிறகுதான் வெளியிடுகிறார்கள்.

தொண்டூர் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ எடை போட்டு முடித்ததும் நோட்டில் அந்தப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து அனுப்புங்கள். எட்டு எடையும் வேண்டும், பொக்கு எண்ணிக்கையும் வேண்டும். ஜிப்சம் தோற்றிருந்தாலும் அனுப்புங்கள், அதையும் போடுகிறேன். எண்ணியவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடலாம். முதலில் அவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.